மலை ஊரில் இருவழித் தெருக்களை ஒருவழியாக்குவது எப்படி: அளவெடுப்பு முதல் நான்கு வார வெள்ளோட்டம் வரை

சமவெளியில் புறவழிச்சாலைக்கு இருபக்கமும் சர்வீஸ் ரோடு போடுவார்கள். முதலில் இருவழியாக விடுவார்கள். ஊர் வளர்ந்து, எதிரெதிரே முட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவழியாக்குவார்கள். நீலகிரியிலும், கொடைக்கானல் இருக்கும் பழனிமலையிலும் சர்வீஸ் ரோட்டுக்கு இடமே கிடையாது. நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைந்த இடத்திலேயே கடைத்தெருவாகிவிடுகிறது. அதற்கு இணையாக மேலே ஒரு தெரு, கீழே ஒரு தெரு, நடுவில் படிக்கட்டுகள். சமவெளியில் ஓரச்சாலை செய்யும் வேலையை இங்கே இந்த மேல் தெருவும் கீழ்த் தெருவும்தான் செய்கின்றன.

நகராட்சி உறுப்பினர்கள், வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கம், பொறியாளர்கள், போக்குவரத்துக் காவலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் வைத்துப் பேசத்தக்க வேலைமுறை இது. அடிப்படை ஒன்றுதான்: ஒருவழி என்பது ஒரு தெருவுக்கு வைக்கும் பலகை அல்ல, ஒரு சுற்று. அந்தச் சுற்று மூடும் இரு முனைகளும் சரியில்லை என்றால் நடுவில் என்ன செய்தாலும் பயனில்லை.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

மலைத் தெருவில் நெரிசல் வருவது வண்டி அதிகம் என்பதால் மட்டும் இல்லை. முட்டிக்கொள்வதால் வருகிறது. ஐந்தரை மீட்டர் அகலத் தெருவில் ஒரு பேருந்தும் ஒரு லாரியும் எதிரெதிரே வந்துவிட்டால், விதிப்படி இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒதுங்க இடம் இல்லை. பின்னால் பத்து கார் ஒட்டி நிற்கிறது. யாரும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. இப்படி ஒரு பூட்டு விழுந்தால் அவிழ்க்கப் பதினைந்து நிமிடம் ஆகும். ஒருவழி இந்தப் பூட்டை உடைக்கும். மலையில் அதன் முதல் பலன் இதுதான். மற்றதெல்லாம் அடுத்து.

ஆகவே இரண்டு இணைத் தெருக்கள் இருக்க வேண்டும். இரண்டிலும் குறைந்தது 3.7 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும். இரு முனைகளிலும் வண்டி போகக்கூடிய இணைப்பு வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தத் திட்டத்தை விட்டுவிட்டு, இருவழியாகவே வைத்துக்கொண்டு 80 மீட்டருக்கு ஒரு ஒதுங்குமிடம் அமைப்பது மேல். ஒரே ஒரு தெரு மட்டும் இருக்கும் ஊரில் அதை ஒருவழியாக்கினால் நெரிசல் பக்கத்து வார்டுக்குக் குடிபெயரும், அவ்வளவுதான்.

சுற்று எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஏற்பாட்டைப் போலீஸ் அவ்வப்போது நடைமுறைப்படுத்துகிறது. அது மாவட்ட அளவிலான சுற்று. வெளியூர் வண்டிக்கு அது சரி. எப்படியும் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். கடைத்தெருச் சுற்று வேறு கதை. பால் பாக்கெட் வாங்க வந்தவர் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றமாட்டார். எதிர்த்திசையில் ஸ்கூட்டரை விடுவார். கூடுதல் தூரம் 500 மீட்டருக்குள் இருந்தால் மக்கள் பழகிக்கொள்வார்கள். ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் காவலர் இல்லாத நேரமெல்லாம் எதிர்த்திசை ஓட்டம்தான்.

கணக்கெடுப்பு: நான்கு நாள், நான்கு பேர்

சாதாரண வார நாள், வாரச்சந்தை நாள், ஞாயிறு, மே மாத சீசன் நாள் ஆகிய நான்கையும் எண்ணுங்கள். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்று மே மாதம் முழுக்க நிரம்பி வழியும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்காக மட்டும் வடிவமைத்தால் மீதி பதினொரு மாதமும் உள்ளூர்க்காரர்தான் வீணாகச் சுற்றுவார். சீசன் எண்ணிக்கையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, சாதாரண நாளுக்கு வடிவமையுங்கள்.

இ-பாஸ் புள்ளிவிவரத்தை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலில் 4,000, 6,000 என்று வரம்பும் வைக்கப்பட்டது. மலைக்கு ஏறி வருவோரைப் பற்றி இந்த எண் சொல்லும். உள்ளூர் வண்டிகள் இதில் சேராது. கடைத்தெருவில் காலை எட்டரை மணிக்கு முட்டிக்கொள்ளும் பள்ளி வேன் இந்தப் பட்டியலில் இருக்காது. அதைத் தெருவில் நின்றுதான் எண்ண வேண்டும்.

காலை 7 முதல் இரவு 7 வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோடு போட்டு, வகை பிரித்து எண்ணுங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் நகரச் சாலைக் கொள்ளளவு வழிகாட்டி (ஐஆர்சி 106) ஒவ்வொரு வகையையும் காருக்கு நிகராக மாற்றித் தருகிறது: கார் 1, பேருந்தும் லாரியும் மொத்தத்தில் ஐந்து சதவீதம் இருந்தால் 2.2, பத்து சதவீதம் ஆனால் 3.7, இருசக்கர வண்டி அதே முறையில் 0.5, 0.75. அதே வழிகாட்டியின்படி உள்ளூர் இணைப்புத் தெருவில் இரண்டு தடம் இருவழியாக ஓடினால் மணிக்கு 900 கார் அளவு, அதே இரண்டு தடம் ஒருவழியாக ஓடினால் 1,400. இரண்டு தெருவும் சேர்ந்து 1,800 என்பது 2,800 ஆகிவிடும் என்று கூட்டத்தில் யாராவது கரும்பலகையில் எழுதுவார். எழுதட்டும். அந்த எண் சமதளத் தெருவுக்கு. மேட்டில், மழை பெய்ய, அது கிடைக்காது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது நம்பர் பிளேட் கணக்கு. தெருவின் இரு முனையிலும் இரண்டிரண்டு பேர் நின்று ஒரு மணி நேரம், கடக்கும் வண்டிகளின் கடைசி நான்கு இலக்கத்தையும் நிமிடத்தையும் எழுதுங்கள். ஒரு முனையில் நுழைந்த 400 வண்டியில் 280 ஐந்து நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறியிருந்தால், பத்தில் ஏழு வண்டிக்கு அந்தத் தெருவில் வேலையே இல்லை, கடந்து போகத்தான் வந்தன. அப்படிப்பட்ட தெருவுக்கு ஒருவழி நன்றாக வேலை செய்யும். எண் தலைகீழாக, பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டால் சிக்கல் நிறுத்துமிடத்தில் இருக்கிறது; திசையில் இல்லை.

சரிவை அளக்க சர்வேயர் வர வேண்டியதில்லை. கொத்தனாரின் இரண்டு மீட்டர் மட்டக்கோலைத் தரையில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து மட்டப்படுத்துங்கள். கீழ் முனையில் கோலுக்கும் தரைக்கும் இடைவெளி 16 சென்டிமீட்டர் என்றால் சரிவு 8 சதவீதம். இருபது மீட்டருக்கு ஒரு முறை எழுதி வையுங்கள். மலைச்சாலை விதிப்படி எட்டு என்பதே விதிவிலக்காக மட்டும் அனுமதிக்கும் அளவு. பழைய பஜார் தெருக்களில் அதைத் தாண்டியும் இருக்கும்.

எந்தத் தெரு எந்தத் திசை

பெரும்பாலான ஊர்களில் தவறு இங்கேதான் நடக்கிறது. கூட்டத்தில் சத்தமாகப் பேசியவர் கடைக்கு வசதியான திசையை முடிவு செய்துவிட்டு, அப்புறம் பொறியாளரைக் கூப்பிடுகிறார்கள்.

முதல் விதி: கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல வலமாகச் சுற்ற வேண்டும். இரு தெருவுக்கும் நடுவிலுள்ள கட்டடங்கள் ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். காரணம் எளிது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மேற்கிலிருந்து கிழக்கே போகும் வண்டி சாலையின் வடக்கு ஓரத்தில் வருகிறது. இரு தெருவாகப் பிரியும் இடத்தில் அது வடக்குத் தெருவுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடலாம். எதிரே வருபவர் தெற்குத் தெருவிலிருந்து வெளிவந்து தன் இடப்பக்கத்திலேயே சேர்ந்துகொள்வார். யாரும் யாரையும் குறுக்கிடவில்லை. இடமாகச் சுற்ற விட்டால் இரு முனையிலும் இரண்டு ஓட்டமும் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்ளும். இரண்டு முனைக்கும் சிக்னலோ, நாள் முழுக்க ஒரு காவலரோ வேண்டியிருக்கும்.

இரண்டாவது விதி சரிவு. இது முதல் விதியோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். இரு தெருவில் ஒன்று செங்குத்தாகவும் மற்றது தட்டையாகவும் இருந்தால், செங்குத்தானதை ஏறுவதற்கும் தட்டையானதை இறங்குவதற்கும் வைப்பது பொதுவாக நல்லது. மழையில் நனைந்த மேட்டில் லோடு லாரி இறங்கும்போது பிரேக்கை நம்பித்தான் தெருவிலிருப்பவர் எல்லோரும் நிற்கிறார்கள். ஏறும் வண்டி நின்றால் நெரிசல். இறங்கும் வண்டி நிற்காவிட்டால் சாவு.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஏறும் தெரு முடியும் உச்சியில் வண்டிகள் நின்று காத்திருக்க வேண்டிய சந்திப்பு இருந்தால், அதே செங்குத்துத் தெரு பொறியாகிவிடும். கிளட்சில் தொங்கிக்கொண்டு நிற்கும் சமவெளி ஓட்டுநர் இரண்டடி பின்னால் உருளாமல் கிளம்பமாட்டார். பின்னால் இருப்பது பள்ளி வேனாக இருக்கலாம். அங்கே இரண்டில் ஒன்று செய்யுங்கள்: நிறுத்தக் கோட்டுக்கு முன் ஒரு பேருந்து நீளத்துக்கு, அதாவது 10 முதல் 12 மீட்டர் வரை, சரிவை 3 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள், அல்லது அந்தச் சந்திப்பில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை கொடுத்து மற்றவரை நிறுத்துங்கள். இரண்டும் முடியாதென்றால் திசையை மாற்றுங்கள்.

வலச்சுற்றும் சரிவும் முரண்பட்டால் எதை விடுவது? சரிவு எட்டுக்குள் இருந்தால் வலச்சுற்றைக் காப்பாற்றுங்கள். பத்தைத் தாண்டினால் சரிவு சொல்வதைக் கேளுங்கள். முனைகளில் சிக்னலுக்குச் செலவு செய்யுங்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருந்தால், அந்தத் தெருவில் ஓடும் பேருந்து ஓட்டுநர் மூவரைக் கேளுங்கள். பெரும்பாலும் மூவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.

மூன்றாவதாகப் பேருந்தின் கதவு இடப்பக்கம் இருப்பதை நினைவில் வையுங்கள். பயணிகள் இறங்கும் பக்கம் எது என்பதைத் திசைதான் முடிவு செய்கிறது. மருத்துவமனை வாசலோ பள்ளி வாசலோ ஓட்டத்தின் இடப்பக்கம் விழுந்தால் குழந்தையும் நோயாளியும் சாலையைக் கடக்க வேண்டாம். வலப்பக்கம் விழுந்தால் வாசலுக்கு நேரே உயர்த்திய நடைக்கடப்பு போட்டாக வேண்டும்.

முனைகள்

நான்கு முனைச் சந்திப்பில் எல்லாச் சாலையும் இருவழி என்றால் வண்டிகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. மூன்று முனைச் சந்திப்பில் 9. ஒருவழியும் ஒருவழியும் வெட்டும் சந்திப்பில் 5. நடுத்தெருச் சந்திப்புகளில் இந்தக் குறைவு அப்படியே கிடைக்கும். ஆனால் சுற்று தொடங்கும், முடியும் இரு முனையிலும் சுமை கூடத்தான் செய்யும், ஏனென்றால் முன்பு நடுவிலேயே திரும்பியவர்களும் இப்போது அங்கே வந்துதான் திரும்புவார்கள்.

முதலில் திரும்பும் இடம். கொண்டை ஊசி வளைவுக்கு உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர் என்று மலைச்சாலைக் கையேடு சொல்கிறது. ஊருக்குள் இருக்கும் குறுக்கு இணைப்புகளில் அதில் பாதிகூட இருக்காது. காகிதத்தில் வரைந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு காலியான அரசுப் பேருந்தை விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரவழைத்து, சுண்ணாம்புப் பொடியால் சக்கரம் போகும் தடத்தைக் குறியுங்கள். பின்சக்கரம் உள்பக்கம் எவ்வளவு வெட்டுகிறது, முன் மூக்கு வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது அரை மணியில் தெரிந்துவிடும். ஒரே முயற்சியில் திரும்பாத இணைப்பைச் சுற்றில் சேர்க்கவே கூடாது. ஒருமுறை பின்வாங்கித் திரும்பும் பேருந்து, பின்னால் வரும் ஐம்பது வண்டியையும் நிறுத்தும். 20 மீட்டருக்குக் குறைந்த ஆரமுள்ள வளைவில் ஒற்றைத் தடத்துக்கும் 0.9 மீட்டர் கூடுதல் அகலம் தேவை.

அடுத்தது சேரும் இடம். இரண்டு வரிசையாக ஓடிய ஒருவழித் தெரு, முனையில் பழைய இருவழிச் சாலையின் ஒற்றைத் தடத்தோடு சேரும். இரண்டு ஒன்றாகச் சுருங்கும் இடம் சந்திப்பிலேயே இருந்தால் அங்கே முண்டியடிப்பு. 40 மீட்டர் முன்னாலேயே நடைபாதையை அகட்டி ஒரே வரிசையாக்கிவிடுங்கள். வண்டிகள் அமைதியாக ஜிப் போல மூடிக்கொண்டு வந்து சேரும். காத்திருக்கும் வரிசைக்குக் காருக்கு 6 மீட்டர், பேருந்துக்கு 12 மீட்டர் என்று கணக்கிட்டு, அந்த வரிசை பின்னாலுள்ள அடுத்த சந்தின் வாயை அடைக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் அந்தச் சந்திலிருந்து வருபவர் எதிர்த்திசையில்தான் தப்பிப்பார்.

மிச்சப்படும் அகலம் யாருக்கு

எதிர் ஓட்டம் போனதும் இரண்டரை, மூன்று மீட்டர் மிச்சமாகும். முதல் வாரத்தில் அது காலியாக இருக்கும், எல்லோரும் மகிழ்ச்சி. இரண்டாம் வாரத்தில் டாக்சி நிற்கும். மூன்றாம் வாரத்தில் இருபக்கமும் நிற்கும். நான்காம் வாரத்தில் பழைய வேகத்துக்கே திரும்பியிருப்பீர்கள், சுற்றித்தான் போகவேண்டும் என்ற கூடுதல் தண்டனையோடு. எனவே முதல் நாளே அந்த அகலத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

சுவருக்குச் சுவர் 5.5 மீட்டர் தெருவில் 3.7 ஓட்டத்துக்கு, 1.8 நடைபாதைக்கு. நிறுத்தம் கிடையாது. 7.5 மீட்டர் இருந்தால் 3.7 ஓட்டம், 1.8 நடைபாதை, 2.0 நிறுத்தம், ஆனால் நிறுத்தத்தை 50 மீட்டருக்கு ஒருமுறை 12 மீட்டர் விட்டு உடையுங்கள், பழுதான வண்டி ஒதுங்கவும் ஆம்புலன்ஸ் கடக்கவும் அந்த இடைவெளிதான் உதவும். 9 மீட்டர் இருந்தால்கூட இரண்டு ஓட்டத் தடம் போட ஆசைப்படாதீர்கள், 3.7 ஓட்டம், 2.0 நிறுத்தம், மீதி இருபுறமும் நடைபாதை. இரண்டு தடம் கொடுத்தால் இறக்கத்தில் முந்துவார்கள். எதிரே வண்டி வராது என்ற தைரியமே மலையில் ஆபத்து. வேக வரம்பை 20 அல்லது 30 கிலோமீட்டராக வையுங்கள். ஆனால் வேகத்தைக் குறைப்பது பலகை அல்ல, குறுகலான தடம்.

நிறுத்தம் எந்தப் பக்கம்? மலை ஊருக்கே உரிய கேள்வி இது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் வரிசையாக வேன்களை நிறுத்தினால் அந்த எடை முழுவதும் தடுப்புச் சுவரின் தலையில் ஏறும். பழைய கருங்கல் சுவர்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் அடைத்திருந்தாலோ வயிறு தள்ளியிருந்தாலோ, அந்த ஓரம் நடைபாதைக்கு மட்டும்தான். மலைப் பக்கம் நிறுத்தலாம். ஆனால் அங்கே வடிகால் ஓடும். அதைச் சிலாப் போட்டு மூடி மேலே வண்டி நிறுத்தினால், பருவமழையில் சருகும் மண்ணும் அடைத்து, தண்ணீர் சாலைக்கு ஏறி, பள்ளத்துப் பக்கச் சுவரின் பின்னால் இறங்கும். நீலகிரியில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே உண்டு; பழனிமலையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மூடும் சிலாப்பில் மூன்று மீட்டருக்கு ஒன்று தூக்கக்கூடியதாகவும், வண்டி அதன்மேல் நிற்காதபடி ஒரு சிறு கல் நட்டும் இருக்கட்டும்.

சரக்கு ஏற்றி இறக்குவதற்கு காலை 7 மணிக்கு முன்பும் இரவு 8 மணிக்குப் பின்பும் நேரம் ஒதுக்குங்கள். கேரட், முட்டைக்கோஸ் லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் நேரத்தை மண்டிக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் நேரத்தை எழுத வேண்டும், இல்லையென்றால் முதல் நாளே அந்த உத்தரவு செத்துவிடும். காஸ் சிலிண்டர் வண்டிக்கும் மருந்துக்கும் பகலில் 150 மீட்டருக்கு ஒரு இறக்குமிடம் போதும்.

பேருந்தும் படிக்கட்டும்

ஒரே நிறுத்தத்தில் ஏறி அதற்கு எதிரே இறங்கிப் பழகியவர்கள் இப்போது ஒரு தெருவில் ஏறி அடுத்த தெருவில் இறங்குவார்கள். இரண்டுக்கும் நடுவே 60 படிகள் இருக்கலாம். முழங்கால் வலிக்காரர் யாரும் ஆலோசனைக் கூட்டத்துக்கு வரமாட்டார். அவருக்காகப் பேச ஆள் வேண்டும். மேல் நிறுத்தமும் கீழ் நிறுத்தமும் ஒரே படிக்கட்டின் இரு முனையிலும் அமைய வேண்டும். படிக்கட்டுக்குக் கைப்பிடி, விளக்கு, பாசி வழுக்காமல் சொரசொரப்பு. இந்தச் செலவு மொத்தத் திட்டத்தில் சிறு பங்குதான், ஆனால் எதிர்ப்பு பாதியாகக் குறைவது இதில்தான்.

அரசுப் பேருந்து, சிற்றுந்து இரண்டுக்கும் வழித்தடம் மாறுகிறது. பர்மிட்டில் எழுதிய தடம் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். கூடுதல் தூரத்தால் ஸ்டேஜ் கட்டணத்தில் சிக்கல் வருமா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உத்தரவு யாரிடமிருந்து

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். ஒரே தெருவில் 200 மீட்டர் தேசிய நெடுஞ்சாலை (கோவை, குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகக் குண்டலுப்பேட்டை போகும் 181), அடுத்த 300 மீட்டர் நகராட்சி என்று இருப்பது சகஜம். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு நிர்வாகம்) எல்லையும் குறுக்கிடும். எல்லைக் கல்லை வரைபடத்தில் குறித்துவிட்டுத்தான் மனு எழுத வேண்டும்.

வரிசை இப்படிப் போகட்டும்: நகர்மன்றத் தீர்மானம், போக்குவரத்துக் காவல் துறையின் அறிக்கை, சாலை உடைமைத் துறையின் சம்மதம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரை, பின்பு உத்தரவு. சட்ட அடிப்படை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. அதில் பயனுள்ள ஒரு வாசல் இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் தகுந்த விளம்பரம் செய்தால் போதும். வெள்ளோட்டத்துக்கு நான்கு வாரம் என்று சொல்வது அதனால்தான். பலகைகள் 116ஆம் பிரிவின்படியும், வண்டி நிறுத்துமிடங்கள் 117இன்படியும் முறையாக அமைய வேண்டும். சங்கத்துக்காரர் தாமே பெயின்ட் அடித்து வைத்த பலகையை மீறியவருக்கு அபராதம் போட்டால் அது நிற்காது. முறையான உத்தரவும் பலகையும் இருந்தால், எதிர்த்திசையில் ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பின் 184ஆம் பிரிவின் ஆபத்தான ஓட்டத்துக்குள்ளேயே வருகிறது.

பலகை, கோடு, தடுப்பு

600 மீட்டர் நீளமுள்ள இரண்டு தெரு, ஒவ்வொன்றிலும் மூன்று சந்துகள் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இவ்வளவு தேவைப்படும்:

- நுழையாதே பலகை (சிவப்பு வட்டம், வெள்ளைப் பட்டை, 600 மி.மீ. விட்டம்): வெளியேறும் ஒவ்வொரு வாயிலும் இருபுறமும், ஆக 4, அதற்கு 30 மீட்டர் உள்ளே இன்னொரு ஜோடி, ஆக 4
- ஒருவழி அம்புப் பலகை: நுழைவாயில்களில் 4, ஒவ்வொரு சந்துக்கும் எதிரே 1 வீதம் 6
- இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் திரும்பாதே: சந்துக்கு 1 வீதம் 6
- முன்னறிவிப்பு வரைபடப் பலகை: ஊர் நுழைவுகளில் 2 முதல் 4
- தரை அம்பு, 3.5 மீட்டர் நீளம்: 50 மீட்டருக்கு ஒன்று வீதம் 24
- பேரிகார்டு 12, கூம்பு 60

பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர். அதைவிடத் தாழ்ந்தால் நிற்கும் வேன் மறைக்கும். மிக உயர்ந்தால் பனிமூட்டத்தில் மறையும். கூடலூர் பக்கத்து நுழைவில் மலையாளமும் கன்னடமும் சேர்த்து எழுதுங்கள்.

பிளாஸ்டிக் பேரிகார்டில் தண்ணீர் நிரப்பினால் சரிவில் மெல்ல நகரும். மணல் நிரப்பி, கீழ்ப்பக்கத்தில் ஆப்பு வையுங்கள். அப்படியும் காலையில் இடம் மாறியிருந்தால் போக்கிரிகளைத் தேட வேண்டாம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இரவில் தெருவில் நடமாடும் காட்டெருமைக்குப் போக்குவரத்து விதி தெரியாது. தினமும் ஆறு மணிக்கு ஒருவர் சுற்றிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நிரந்தரக் கோடு தெர்மோபிளாஸ்டிக்கில் (சூட்டில் உருக்கி இடும் பொருள்) 2.5 மி.மீ. கனம். சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ, மேலே தூவும் கண்ணாடி மணி 250 கிராம். 600 மீட்டர் தெருவின் இரு ஓரமும் 10 செ.மீ. கோடு என்றால் 120 சதுர மீட்டர். 600 கிலோ பொருள், 30 கிலோ மணி. தரை ஈரமாக இருந்தாலோ 10 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்திருந்தாலோ ஒட்டாது, ஒரே மழையில் அப்பளம் போல உரிந்து வரும். ஊட்டியில் ஜனவரியில் காலை பத்து மணிக்கு முன் வேலை தொடங்கவே கூடாது. ஒப்பந்தக்காரர் அவசரப்படுவார், விடாதீர்கள்.

பழைய நடுக்கோட்டின்மேல் கறுப்புப் பெயின்ட் அடிப்பது மிகப் பெரிய தவறு. பகலில் மறையும். இரவில், மழையில், எதிர் விளக்கொளியில் அது பளபளத்து, இருவழிச் சாலை போலவே காட்டும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நான்கு வாரம்

ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி இறுதிவரை நல்ல காலம். பொங்கல் கூட்டமும் குடியரசு தின விடுமுறையும் கடந்திருக்கும், மழை இருக்காது, சீசனுக்கு இரண்டு மாதம் இருக்கும். திங்கட்கிழமை தொடங்காதீர்கள், செவ்வாய் அல்லது புதன் தொடங்கினால் வார இறுதிக்குள் மூன்று நாள் பாடம் கிடைக்கும். ஒரு வாரம் முன்பே ஆட்டோவில் ஒலிபெருக்கி, பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை, டாக்சி நிறுத்தத்தில் வரைபடம். கூகுள் மேப்பில் திசை மாற்றத்தைத் தொடங்கும் நாளன்றே பலர் சேர்ந்து தெரிவியுங்கள். சுற்றுலாப் பயணி பலகையைவிட போனைத்தான் நம்புவார்.

முதல் வாரம் அபராதம் வேண்டாம், ஆள் வேண்டும்: இரு முனையிலும் காவலர், சந்து வாய்களில் தன்னார்வலர். இரண்டாம் வாரம் ஆட்களைக் குறைத்துவிட்டு எதிர்த்திசையில் வருபவர்களை எண்ணுங்கள். எந்தச் சந்திலிருந்து, எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். ஒரே சந்திலிருந்து மணிக்குப் பத்துக்கு மேல் வந்தால் அவர்கள் திமிர் பிடித்தவர்கள் அல்ல, அங்கே உங்கள் சுற்று நீளம். நடுவில் ஒரு குறுக்கு இணைப்பைத் திறக்க முடியுமா, அல்லது அந்த 80 மீட்டரை மட்டும் இருவழியாக விட முடியுமா என்று பாருங்கள். மூன்றாம் வாரம் அபராதம். நான்காம் வாரம் எதையும் தொடாமல் சீசன் நாளைத் தவிர, முதலில் எண்ணிய அதே வகை நாட்களில், அதே நேரத்தில் மீண்டும் எண்ணுங்கள்.

ஒரு காரில் இரு தெருவையும் காலை, மதியம், மாலை என்று ஐந்தைந்து முறை ஓட்டி நேரம் குறிப்பது போதுமான அளவீடு. சராசரியைவிட, மிக மோசமான ஓட்டத்தைப் பாருங்கள். சராசரி ஆறு நிமிடம் ஐந்தாகக் குறைவது பெரிதல்ல. இருபது நிமிடப் பூட்டு ஒன்றுகூட விழவில்லை என்றால் திட்டம் வென்றது. ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலை அடையும் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடியிருந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் தடத்தை மாற்றுங்கள். கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்தது என்று சொல்வார்கள். சில இடத்தில் உண்மையாகவும் இருக்கும், குறிப்பாக மாலையில் வீடு திரும்புவோரை நம்பிய காய்கறிக் கடையும் பேக்கரியும். போகும் திசையில் இருந்தவர் வரும் திசைக்கு ஏங்குவார். நான்கு வாரத்தில் அதை அளக்க முடியாது, ஆறு மாதம் ஆகும். அந்தக் கடைகளின் முன்னால் 10 நிமிட நிறுத்தம் ஒன்றிரண்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு மாதம் முடியும் நாளில் அறிவிக்கை வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பலகைகளைத் துணி போட்டு மூட வேண்டும். சட்டப்படி காலாவதியான ஒருவழியில் யாராவது மோதிக்கொண்டால் பலகையை நம்பி வந்தவரின் நிலை சிக்கலாகிவிடும். அதனால் நிரந்தர உத்தரவுக்கான கோப்பை வெள்ளோட்டத்தின் முதல் வாரத்திலேயே நகர்த்தத் தொடங்குங்கள். எண்ணிக்கை அறிக்கையைக் கடைசி வாரத்தில் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். வடிகால் சிலாப், உயர்த்திய நடைக்கடப்பு, முனையில் அகட்டும் நடைபாதை ஆகிய கான்கிரீட் வேலையை மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடித்தால்தான் மே மாதக் கூட்டத்தைத் தாங்கும்.